இரண்டாவது பிரேக்

ஆனி 30, ஞாயிறு

கையைத் தூக்கியதுதான் தப்பு.

நூலகத்தில் வாசகர் வட்டக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் இந்திராணி ஒட்டடைக் குச்சியை நீட்டுவாள் என்பதால்தான் நான் அங்கே போவது. கூட்டம் முடிகிற நேரத்தில் நூலகர் மேகலா மேடம் ஏதோ அறிவித்துக்கொண்டிருந்தார். என் தலைக்கு மேலே ஃபேன் கடகடவென்று ஆடியது. விழுந்தால் நேராக என் உச்சந்தலைதான். கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம் என்று கையைத் தூக்கினேன்.

"ஆகா, நம்ம வீரணன் சாரும் எழுதறாரு!" என்றார் மேடம். எல்லோரும் கை தட்டினார்கள்.

சிறுகதைப் போட்டிக்கு யார் யார் எழுதப்போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். கை தட்டிய பிறகு, "இல்லை மேடம், ஃபேன்" என்று எந்த முகத்தோடு சொல்வது? எழுந்து கும்பிட்டுவிட்டேன்.

பத்தாவது பாஸ், பன்னிரண்டு பாதி. டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர் வேலை. இதுவரை நான் எழுதியதில் பெரியது, 'கிளட்சை மிதிக்காமல் கியரைத் தொடாதே' என்று ஆபீஸ் சுவரில் ஒட்டிய அட்டை. சுதந்திர தினத்துக்குள் கதை வேண்டுமாம். கை பழகுவதற்குத் தினம் நாலு வரி டைரி எழுதுங்கள் என்றார் மேடம். இதோ, பழகுகிறது.

ஆனி 31, திங்கள்

முதலாளி அபுபக்கர் பாயிடம் சொன்னேன். வாயில் இருந்த டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"கதையா? நீயா? லீவு லெட்டர்ல 'காய்ச்சல்'னு எழுதத் தெரியாம 'உடம்பு சூடு'ன்னு எழுதுனவன்டா நீ!"

"அது அப்ப பாய்."

"சரி எழுது. ஆடி பொறக்குது. உங்காளுங்க ஒருத்தனும் புதுசா சேர மாட்டான். சும்மா உக்காந்து ஈ ஓட்டுறதுக்கு கதைய ஓட்டு."

அதுவும் சரிதான்.

ஆடி 1, புதன்

ஜோதி வந்துவிட்டாள். கல்யாணமாகி முதல் ஆடி. மாப்பிள்ளை பிரதீப் கோயம்புத்தூரிலிருந்து தன் புதுக் காரிலேயே கூட்டிவந்தார். விருந்து, வேட்டி சட்டை எல்லாம் முறைப்படி. மாதம் முடிந்ததும் வந்து அழைத்துப்போவார்.

சாயங்காலம் எல்லோரும் கோயிலுக்குப் போனோம். நான் முன் சீட்டில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில். மணிக்கூண்டு திரும்பும்போது ஒரு மாடு குறுக்கே வந்தது. எங்கள் ஸ்கூல் வண்டியில் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. இருபத்தாறு வருஷம் அதை மிதித்துப் பழகிய கால் சும்மா இருக்குமா? ஓங்கி ஒரு மிதி. என் காலடியில் விரித்திருந்த மாப்பிள்ளையின் புது ரப்பர் மிதியடி இரண்டாய் மடிந்து ஏறிவிட்டது.

"மாமா, இது என் வண்டி. இதுல உங்களுக்கு பிரேக் கிடையாது," என்றார் மாப்பிள்ளை. நன்றாகப் பேசுகிறார். எல்லோரும் சிரித்தோம். ஜோதி கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்தாளா என்று தெரியவில்லை.

ஆடி 3, வெள்ளி

கதை ஆரம்பித்தேன். 'ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார்.' அதற்கு மேல் அவருக்கு என்ன வேலை கொடுப்பது என்று தெரியவில்லை. இரண்டாவது வரியில் ராஜாவுக்கு மாரடைப்பு வந்துவிட்டது.

ஜோதியின் பெட்டியைப் பிரித்து அடுக்கினாள் இந்திராணி. ஒரு மாதத்துக்கு இவ்வளவா? பட்டுப்புடவை அத்தனையும் வந்திருக்கிறது, ஸ்வெட்டர்கூட. திண்டுக்கல்லில் எதற்கு ஸ்வெட்டர்! அடியில் துணி சுற்றி, கல்யாணத்துக்கு நாங்கள் கொடுத்த காமாட்சி விளக்கு.

"இத எதுக்குடி எடுத்துட்டு வந்த?" என்றாள் இந்திராணி.

"கறுத்துப் போச்சும்மா. இங்க மெருகு போட்டுக்கலாம்னு."

கோயம்புத்தூரில் மெருகுப் பட்டறை இல்லை போலிருக்கிறது. இந்திராணி அதற்குப் பிறகு ராத்திரி வரை யாருடனும் பேசவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போல.

ஆடி 5, ஞாயிறு

கதை வரவில்லை என்று நூலகத்துக்குப் போய் மேடத்திடம் சரணடைந்தேன்.

"ரொம்ப யோசிக்காதீங்க சார். ஒருத்தருக்கு ஒண்ணு வேணும். அத ஒருத்தர் தடுக்கறாரு. அவ்வளவுதான் கதை. சுத்தி இருக்கறவங்களக் கேளுங்க, அவங்களுக்கு என்ன வேணும்னு."

இவ்வளவு சுலபமா! வரும் வழியிலேயே ஆரம்பித்தேன்.

டீக்கடை மலைச்சாமி: "எனக்கா? நீங்க கிளாஸை வச்சிட்டு எந்திரிச்சாப் போதும், ஆள் நிக்கிது."

பாய்: "மருமகன் என் செருப்பப் போட்டுட்டுப் போகக் கூடாது."

இந்திராணி: "மிக்ஸி ஜாருக்கு வாஷர். நாலு நாளாச் சொல்றேன்."

எதையும் கதையாக்க முடியாது. வாஷர் வாங்கிக் கொடுத்தேன்.

ஜோதியிடமும் கேட்டேன். வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த கை அப்படியே நின்றது.

"எனக்கு என்ன வேணும்னா?"

"ஆமாம்மா. கதைக்கு."

"யோசிக்கணும்ப்பா," என்றாள். "யாரும் கேட்டு நாளாச்சு."

ஆடி 7, செவ்வாய்

ஸ்கூலில் இப்போது ஓட்டப் பழக வருவது ஒரே ஒரு ஆள், லூர்துமேரி டீச்சர். போன வருஷம் ரிட்டயரானவர். "எனக்கு ஆடியும் கிடையாது, மார்கழியும் கிடையாது சார், வண்டிய எடுங்க," என்று வந்து நிற்பார். எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். ஓட்டுகிறவர் கண்ணை மூடினால் அடுத்த சீட்டில் இருப்பவன் என்ன செய்வான்? பிரேக்தான்.

இன்று நத்தம் ரோட்டில் லாரி வந்தது. டீச்சர் கண்ணை மூடவில்லை. ஓரமாக ஒதுங்கி, விட்டுவிட்டு, திரும்ப ரோட்டுக்கு ஏறினார். நான் வாயைத் திறக்கவில்லை. அது என் பழக்கம். நீங்களாகத்தான் ஓட்டுகிறீர்கள் என்று ஓடுகிற வண்டியில் சொன்னால் அந்த நிமிஷமே பயந்து ஸ்டியரிங்கை விட்டுவிடுவார்கள். ஸ்கூல் வாசலில் வண்டியை நிறுத்தி, சாவியைத் திருப்பி அணைத்த பிறகு சொன்னேன்.

"டீச்சர், இன்னைக்கு நான் பிரேக்கத் தொடவே இல்ல."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இதற்கு அழுதவர்கள் நிறையப் பேர். மீசை முறுக்கிய கறிக்கடைக்காரர் ஒருவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார்.

வீட்டில் இதைச் சொன்னேன். ஜோதி, "நெஜமாவே தொடலியாப்பா?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

ஆடி 10, வெள்ளி

கல்யாணம் என் பெண்ணுக்கு நிறைய மரியாதை சொல்லிக்கொடுத்திருக்கிறது. முன்பெல்லாம் சண்டைபோட்டு ரிமோட்டைப் பிடுங்குகிற கழுதை. இப்போது, "அப்பா, ஃபேன் போட்டுக்கட்டுமா?" "அம்மா, இன்னொரு தோசை எடுத்துக்கட்டுமா?" "குளிக்கப் போகட்டுமா?" ஃப்ரிட்ஜைத் திறக்கக்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் திறக்கிறாள்.

"நம்ம வீட்லயே விருந்தாளி மாதிரி இருக்காளே," என்று சிரித்தேன். இந்திராணி சிரிக்கவில்லை.

மாப்பிள்ளைக்கும் பிரியம் அதிகம். அடிக்கடி வீடியோ கால். யார் யார் வீட்டில் இருக்கிறார்கள் என்று காட்டச் சொல்கிறார், சாப்பாட்டுத் தட்டைக்கூடக் காட்டச் சொல்லிப் பார்க்கிறார். இவள் போனைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகச் சுற்றுகிறாள். நேற்று நான் லுங்கியோடு குறுக்கே போய் மாட்டிக்கொண்டேன். எனக்கு இந்திராணி போன் செய்தால் பால் பாக்கெட்டுக்காகத்தான்.

ஆடி 12, ஞாயிறு

கொலைக் கதை எழுதலாம் என்று முடிவு செய்தேன். டிரைவிங் ஸ்கூல் முதலாளி கொலை செய்யப்படுகிறார். பாயிடம் படித்துக் காட்டினேன். "என்னைய ஏன்டா கொன்ன?" என்று கேட்டார். காரணம் எனக்கே தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது ஜோதி சொன்னாள். "அப்பா, யோசிச்சிட்டேன். எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்கணும்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தவன் வீட்டில் ஓட்டத் தெரியாத ஒரு பெண்.

"ஆடில எதையும் ஆரம்பிக்கக் கூடாதேடி," என்றாள் இந்திராணி. பிறகு அவளே, "பதினெட்டாம் பெருக்கன்னைக்கு ஆரம்பிக்கலாம். அன்னைக்குத் தொட்டது எல்லாம் பெருகும்," என்றாள்.

"அவர்கிட்ட கேக்கட்டுமாம்மா?"

"வேணாம்," என்றாள் இந்திராணி. வெடுக்கென்று. இந்தக் குரலை இவளிடம் நான் அதிகம் கேட்டதில்லை. ரசம் ஊற்றும்போது என் வேட்டியிலும் கொஞ்சம் ஊற்றினாள்.

ஆடி 18, சனி

எல்.எல்.ஆர். எடுத்தாயிற்று. சித்திரான்னம் சாப்பிட்டுவிட்டு, வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்து, ஜோதியை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன். சிறுமலைப் பிரிவுக்குப் போகும் காலி ரோடு. ஆடிக் காற்று வண்டியைத் தள்ளியது.

கிளட்ச் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கேட்கிறாள். "செகண்ட் போடட்டுமாப்பா?" "ஹாரன் அடிக்கட்டுமா?" "திரும்பட்டுமா?"

எல்லோரும் முதல் நாள் கேட்பார்கள்தான். ஆனால் அவர்கள் கேட்கும்போது ரோட்டைப் பார்ப்பார்கள். இவள் என் முகத்தைப் பார்க்கிறாள்.

ஆடி 21, செவ்வாய்

என் கால் மோசம். டீச்சருக்கு லாரியையே விட்டுக்கொடுத்த கால், ஜோதிக்கு ஒரு சைக்கிள் வந்தாலே அமுக்கிவிடுகிறது. வண்டி குலுங்கி நிற்கிறது.

"நான்தான் பாத்துட்டேனேப்பா!"

"நீ பாத்த. கால் பாக்கலியே."

"டீச்சருக்குச் சொன்னீங்கள்ல. எனக்கு எப்ப சொல்லுவீங்க?"

"சொல்றப்ப சொல்லுவேன். ரோட்டப் பாரு."

ஆடி 23, வியாழன்

கதை இல்லை. வேலை அதிகம்.

ஆடி 24, வெள்ளி

நேற்று எழுதியது பொய். வேலை ஒன்றும் இல்லை.

நேற்று நத்தம் ரோட்டில் ஓட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. ஜோதி நட்டநடு ரோட்டில் பிரேக் போட்டுவிட்டாள். பின்னால் வந்த பஸ்காரன் எங்கள் குடும்பத்தையே விசாரித்துவிட்டுப் போனான். வண்டியை ஓரங்கட்டக்கூடச் செய்யாமல் அவள் போனை எடுத்து, "இதோ, இதோ," என்று என்னைக் காட்டினாள், ஸ்டியரிங்கைக் காட்டினாள், ரோட்டைக் காட்டினாள். சிக்னல் சரியாக இல்லை. மாப்பிள்ளை பேசியதில் எனக்குக் கேட்டது ஒன்றுதான். "யாரைக் கேட்டு?"

கோபமாக இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். காய்கறிக் கடையில் விலை கேட்கிற மாதிரி.

வண்டியை நான் ஓரங்கட்டினேன். சாவியைத் திருப்பி அணைத்தேன்.

"அங்க எல்லாத்துக்கும் கேக்கணும்ப்பா," என்றாள். "ஃபேன் போட, பால் காய்ச்ச, அம்மாவுக்கு போன் பண்ண. கேட்டா திட்ட மாட்டாரு. 'யோசிச்சுச் சொல்றேன்'னு சொல்லுவாரு. அப்புறம் சொல்லவே மாட்டாரு. ஒரு நாள் தலைவலி மாத்திரைக்குக் கேட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னாரு."

"அடிக்கிறானா?"

"இல்லப்பா. அடிக்கல. அதனாலதான் யார்கிட்டயும் என்னன்னு சொல்றதுன்னு தெரியல."

டீ குடித்தோம். வடை ஆறிப்போயிருந்தது.

ஆடி 25, சனி

இந்திராணிக்கு முன்பே தெரியும். விளக்கைப் பார்த்த அன்றே தெரியுமாம். "வீட்டு வெளக்கத் தூக்கிட்டு வந்தவ திரும்பிப் போறதுக்கா வந்திருப்பா?" என்றாள். நானும்தான் அன்று அந்த விளக்கைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, மெருகுப் பட்டறையைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

"கூப்பிட வந்தா என்னங்க சொல்லுவீங்க?" என்று கேட்டாள்.

"பேசிப் பாக்கலாம். தன்மையா எடுத்துச் சொன்னா..."

"உங்க தன்மையில எரும மாடு படுத்துத் தூங்கும்," என்றாள்.

ஆடி 28, செவ்வாய்

கதை கிடைத்துவிட்டது. எழுதப்போவதில்லை. இது என் கதை இல்லை.

ஆடி 30, வியாழன்

சுதந்திர தினக் கொடியேற்றம் முடிந்து மிட்டாய் வாங்கிக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். மேகலா மேடம் கையை நீட்டினார். கையில் மிட்டாயை வைத்தேன்.

"கதை எங்க சார்?"

"கிடைச்சுது மேடம். முடியல."

"யாருக்கோ ஒண்ணு வேணும். அது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"தடுக்கறது யாரு?"

"மொதல்ல ஒருத்தருன்னு நெனச்சேன் மேடம். இப்ப யோசிச்சா அந்தப் பொண்ணோட அப்பனும் அதுல ஒருத்தனாயிருவானோன்னு பயமா இருக்கு."

மேடம் மிட்டாயை மேஜையில் வைத்தார். "நல்ல கதை சார். அடுத்த வருஷமும் போட்டி இருக்கு," என்றார். தலைக்கு மேலே அந்த ஃபேன் இன்னும் கடகடவென்றுதான் ஆடுகிறது. இன்று நான் கையைத் தூக்கவில்லை.

ஆடி 31, வெள்ளி

நாளை மாப்பிள்ளை வருகிறார். சாயங்காலம் ஜோதி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஓட்டினாள். நல்ல கூட்டம். நன்றாகத்தான் ஓட்டினாள். நான்தான் பிரேக்கை அமுக்கிக்கொண்டே வந்தேன்.

இறங்கும்போது, "போங்கப்பா," என்றாள்.

ஆவணி 1, சனி

காலையில் இட்லி சாப்பிட வந்துவிட்டார். சட்டை மடிப்புக் கலையாமல், சிரித்த முகம். ஆரஞ்சுப் பழம், அல்வா. இந்திராணி பரிமாறினாள். சட்னி நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து கடிகாரத்தைப் பார்த்தார்.

"ராகு காலத்துக்கு முன்னாடி கிளம்பிடலாம். பெட்டி எங்க?"

ஜோதி அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. முதல் முதலாக மெயின் ரோட்டுக்கு ஏறுகிறவர்களுக்கு இப்படித்தான் இருக்கும்.

"நான் வரல," என்றாள்.

"என்ன?"

"நான் வரலீங்க. இங்கதான் இருக்கப்போறேன். வேலை தேடப்போறேன்."

மாப்பிள்ளை சிரித்தார். குரலை உயர்த்தவே இல்லை. "யாரைக் கேட்டு முடிவு பண்ண?"

"யாரையும் கேக்கல."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார்.

"மாமா, நீங்க சொல்லுங்க."

என்னிடம் சொல்வதற்குத் தயாராக இருந்தது. 'சின்னப் பொண்ணு மாப்ள, ஏதோ பேசறா, ஒரு வாரம் போகட்டும், நானே கொண்டாந்து விடறேன்.' ராத்திரி முழுக்கப் படுத்துக்கொண்டே எனக்குள் ஓட்டிப் பார்த்த வாக்கியம் அது. நல்ல தன்மையான வாக்கியம். வண்டி குலுங்காமல் நின்றுவிடும். ஜோதி என்னைப் பார்த்தாள். நாற்காலிக்குக் கீழே என் வலது கால் ஏற்கெனவே தரையை அமுக்கிக்கொண்டிருந்தது.

இந்தக் காலை நம்ப முடியாது. இரண்டு காலையும் தூக்கி, பிளாஸ்டிக் நாற்காலியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். நாற்காலி கிரீச்சிட்டது. பார்க்கக் கோமாளி மாதிரிதான் இருந்திருப்பேன்.

"ஓட்டறவங்ககிட்டதான் கேக்கணும் மாப்ள," என்றேன். "இதுல எனக்கு பிரேக் கிடையாது."

அவர் என்னை, என் காலை, ஜோதியைப் பார்த்தார். அப்புறம் கார் சாவியை எடுத்துக்கொண்டார். "சரி. நான் யோசிச்சுச் சொல்றேன்," என்றார்.

"நீங்க யோசிங்க," என்றாள் ஜோதி. குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "நான் சொல்லிட்டேன்."

எங்கள் சந்து குறுகல். மாப்பிள்ளை ரிவர்ஸ் எடுக்கச் சிரமப்பட்டார். தொழில் புத்தி, நான் பின்னால் போய் நின்று, "வாங்க, வாங்க, லெஃப்ட்ல ஒடிங்க, போதும்," என்று கை காட்டி விட்டேன். அவர் கண்ணாடியை இறக்கவில்லை. இன்னொரு நாள் வருவார். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வருவார். பேச்சு நிறைய இருக்கிறது.

திரும்பி உள்ளே வந்தேன். விளக்கைத் துடைத்து மாடத்தில் வைத்துக்கொண்டிருந்தாள் இந்திராணி. ஜோதி கூடத்தின் நடுவில் நின்றாள். வேர்த்திருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் சுவருக்குப் போய், ஃபேன் சுவிட்சைப் போட்டாள். ஃபேனுக்குக் கீழே வந்து தரையில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

பக்கத்தில் போய் நானும் உட்கார்ந்தேன். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுகிற வண்டியில் சொல்லக் கூடாது. அதனால் மிச்சம் இருந்த அல்வாவை எடுத்து அவளிடம் நீட்டினேன். இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன்:

ஜோதி, இன்னைக்கு நான் பிரேக்கத் தொடவே இல்ல.